சரக்கு பார்க்கும் கண்

மிளகு வாங்கத் தெரிந்தவர் சாக்கின் மேலே கிடப்பதைத் தொடுவதில்லை. முழங்கை மறையும் அளவுக்குக் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். அள்ளியதை உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் ஒரு சுற்று உருட்டி, லேசாக ஊதுவார். பொக்கு பறக்கும், காம்புத் துணுக்கு பறக்கும். மிச்சம் நிற்பதைக் கண்ணருகே கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கையைச் சற்றே சாய்ப்பார். பிறகு ஒரே ஒரு மணியை எடுத்து முன்பல்லில் கடிப்பார். இவ்வளவுக்கும் சில நொடிதான். அதற்குள் வாய் விலை பேசத் தொடங்கியிருக்கும்.

பேளுக்குறிச்சிச் சந்தையில் நான் எடுத்த படங்களுக்குப் பின்னால் என்ன யோசனை இருக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தச் சில நொடியைத்தான் சொல்வேன். அள்ளுவது, உருட்டுவது, ஊதுவது, சாய்ப்பது, கடிப்பது. ஒரு பொருளை இவ்வளவு அக்கறையோடு பார்க்கிற கண்ணை நான் எந்தப் படக் கண்காட்சியிலும் கண்டதில்லை. அந்தக் கண் பார்ப்பதை அந்தக் கண் பார்க்கிற விதத்திலேயே படமாக்க வேண்டும் என்பதுதான் என் வேலையின் முழு ஆசை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் வட்டத்தில், கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. ராசிபுரத்திலிருந்து காரவள்ளிக்குப் போய் மலையேறுகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போவார்கள். சனிக்கிழமை தோறும் சந்தை கூடும். இதன் பேர் வெளியூரெல்லாம் பரவியது மளிகைச் சரக்கால். மாசி, பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். ஒரு வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், மல்லி, மிளகாய், மஞ்சள், வெந்தயம், கடுகு, சோம்பு, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, காயவைத்து, அரைத்து, டப்பாக்களில் அடைத்து வைக்கிற வழக்கத்தை இந்தப் பக்கத்து வீடுகள் இன்னும் விடவில்லை. சேலம், ஈரோடு, கரூர், திருச்சி என்று பல திசைகளிலிருந்தும் பை பையாகக் கொண்டு வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள்.

படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. அவர்களுக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஆகாய கங்கை அருவி இருக்கிறது, பனிமூட்டம் இருக்கிறது. சந்தையில் நிற்கிற ஒன்றிரண்டு பேரும் கடையை முன்னால் வைத்து மலையைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதில் தப்பில்லை, மலை அவ்வளவு அழகு. ஆனால் மிளகை உருட்டிப் பார்க்கிறவர் யாரும் அந்த நேரத்தில் மலையைப் பார்ப்பதில்லை. அதனால் என் படங்களில் மலை இராது. அதன் வெளிச்சம் இருக்கும்.

மலை கிழக்கே நிற்கிறது. 1000 மீட்டருக்கு மேல் உயர்ந்து சுவர் வைத்தது போல நிற்பதால், பொழுது விடிந்து வெகு நேரம் கழித்துத்தான் சூரியன் மலை விளிம்பைத் தாண்டி அடிவாரத்தை எட்டிப் பார்க்கும். அதுவரை ஊர் முழுவதும் நிழல். வானம் வெளுத்திருக்கும், தரையில் ஒரு பொருளுக்கும் நிழல் விழாது. வியாபாரிகள் சாக்கை அவிழ்த்து வாயை மடித்துச் சுருட்டி விடுகிற நேரம் அது. அந்த வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் கூடுதல். மல்லியின் மஞ்சள் அடங்கிப்போகும், மிளகாயின் சிவப்பு கருக்கும், வெந்தயம் மண்ணிறத்துக்கு வரும். எல்லாச் சரக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரியும். பிறகு விளிம்பில் சூரியன் தலைகாட்டிய உடனே, சாய்ந்த வெயில் சந்தையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வரிசை வரிசையாக வந்து சேரும். எந்தக் கடைக்கு முதலில் வரும், எந்தக் கடைக்குக் கடைசியில் வரும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். வெயில் வந்து சேர்ந்த சாக்கில் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியே ஒரு நிழல் முளைக்கும். சரக்கு பார்க்க நல்ல நேரம் அதுதான், படம் பிடிக்கவும் அதுதான். இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டுக்கும் வேண்டியது பக்கவாட்டு வெளிச்சம்.

வெயில் உச்சிக்கு ஏறினால் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். அதற்குப் பின் சந்தையின் நிறமே வேறு. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே சீரகம் சாம்பல் பூசிக்கொள்ளும். செம்மஞ்சள் தார்ப்பாய்க்குக் கீழே பழைய மல்லிகூடப் புது மல்லியாகத் தெரியும். அனுபவப்பட்ட அக்காமார் இதற்கு ஏமாறுவதில்லை. பிடி சரக்கை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வெளியே வந்து, வெட்டவெளியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். வெள்ளைச் சமநிலை என்று கேமராக்காரர்கள் சொல்லும் பாடத்தை அவர்கள் இரண்டு எட்டில் முடித்துவிடுகிறார்கள். தார்ப்பாய் நிழலுக்கும் வெட்டவெளிக்கும் நடுவே, ஒரு கால் நீலத்திலும் ஒரு கால் வெயிலிலுமாக, கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணின் படம் என்னிடம் இருக்கிறது. கையின் பின்புறம் நீலம், உள்ளங்கை பொன். நடுவில் ஒரு பிடி சோம்பு. நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சிலவற்றில் அது ஒன்று.

இந்த இடத்தில் கறுப்பு வெள்ளையா, வண்ணமா என்ற கேள்வி வந்தே தீரும். எனக்கு அந்தக் கேள்வியை நடத்திக் காட்டிய ஒளிப்படக்காரர்கள் இருவர். ஒருவர் மா.கிருஷ்ணன், மற்றவர் ரகுபீர் சிங்.

கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். தாவரவியல் படித்தவர், ஓவியம் தெரிந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் தேர்ந்த நடை உள்ளவர். 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி 1996-இல் அவர் மறையும் வரை ஓடியது. காட்டு விலங்குகளைக் கடைசி வரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அவருடைய கேமரா கடையில் விற்கிற பண்டம் அல்ல. உடல் ஒரு கம்பெனியுடையது, தொலைவு லென்ஸ் வேறு கம்பெனியுடையது, மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ சேர்த்தவை, எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தி ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பேரும் வைத்தார். அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு நடந்தும் யானை மேல் ஏறியும் முதுமலை போன்ற காடுகளில் படம் எடுத்தார். இருட்டறை வேலையும் அவருடையதே.

அவருடைய யானைப் படங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் தோலைக் கவனிக்க வேண்டும். தோலின் மடிப்பு ஒவ்வொன்றும் நிழலும் ஒளியுமாகப் பிரிந்திருக்கும். சேறு காய்ந்த இடம் வேறு சாம்பல், காயாத இடம் வேறு சாம்பல். அடுத்துக் கவனிக்க வேண்டியது யானையைச் சுற்றியிருக்கும் புதர். அதைத் துடைத்துத் தள்ளிவிட்டு விலங்கை மட்டும் தனியே நிறுத்திக் காட்டுகிற ஆசை அவருக்கு இல்லை. எந்தப் புல்லில் நிற்கிறது, எந்த மரத்தின் கீழே நிற்கிறது என்பது தாவரவியல் படித்த அந்தக் கண்ணுக்கு விலங்கின் ஒரு பகுதி. நிறம் இல்லாதது அங்கே குறையாகப் படாது. நிறம் வந்திருந்தால் பச்சை முழுவதும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும், தோலின் மடிப்பு பின்னால் போயிருக்கும்.

ரகுபீர் சிங் நேர் எதிர்த் திசை. 1942-இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999-இல் நியூயார்க்கில் மறைந்தவர். கங்கை, ராஜஸ்தான், காசி, கேரளம் என்று ஊர் ஊராக வண்ணத்தில் எடுத்துப் புத்தகம் போட்டவர். தமிழ்நாட்டைப் பற்றியே ஒரு புத்தகம் 1990-களில் வந்தது. உலகத்தில் பெரிய ஒளிப்படக்காரர்கள் வண்ணத்தை விளம்பரக்காரர்களுக்கு உரியதென்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் வண்ணத்தைக் கையில் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல் ஏன் எடுத்தேன் என்று விளக்கமாக எழுதவும் செய்தார். ‘ரிவர் ஆஃப் கலர்’ தொகுப்பின் முன்னுரையில் அவர் வைக்கிற வாதத்தின் சாரம் இது: இந்தியக் கலைஞன் காலம் காலமாக நிறத்தில்தான் பார்த்து வந்திருக்கிறான், நிறத்தை நீக்கிவிட்டுப் பார்ப்பது வெளியிலிருந்து வந்த பழக்கம். அரண்மனைச் சிற்றோவியங்களை அவர் தன் முன்னோர்களாகக் கொண்டாடினார். ஒரே சட்டகத்துக்குள் நாலைந்து காரியங்கள் நடப்பதும், கதவும் கண்ணாடியும் கார் ஜன்னலும் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதும் அவர் அங்கிருந்து கற்றது.

இருவரையும் படித்துவிட்டுப் பேளுக்குறிச்சியில் நின்றால், இருவரில் யார் சரி என்ற கேள்வி தேவையில்லை என்று தெரிகிறது. சந்தையே பதிலை வைத்திருக்கிறது. சில சரக்கை நிறத்தால் எடை போடுகிறார்கள். சிலவற்றை உருவத்தால் எடை போடுகிறார்கள். வாங்குகிறவர் நிறம் பார்க்கிற இடத்தில் நான் வண்ணம் வைக்கிறேன். உருவம் பார்க்கிற இடத்தில் கறுப்பு வெள்ளை. என் தொகுப்பில் இரண்டும் கலந்து கிடப்பதைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாதவன் என்று நினைக்கிறவர்கள் உண்டு. முடிவை வாங்குகிறவர்களிடம் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மிளகாய் நிறத்தின் பண்டம். குண்டூர்ச் சரக்கின் சிவப்பு வேறு, ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயின் சிவப்பு வேறு. முன்னதில் நீளமும் மினுக்கமும். பின்னதில் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிற அடர்த்தி. நல்ல காய்ச்சலில் காய்ந்ததா, மழையில் மாட்டியதா என்பதைத் தோலில் தெரியும் வெளுத்த திட்டுகள் சொல்லிவிடும். காம்பு பச்சை மாறாமல் இருந்தால் புதுசு. இந்தச் சிவப்புகளைப் பிரித்துக் காட்டுவதுதான் கேமராவுக்குச் சோதனை. நேர் வெயிலில் மிளகாய்க் குவியலை அளவு பார்க்காமல் எடுத்தால், சிவப்பு தன் கொள்ளளவைத் தாண்டிப் போய், மடிப்பும் மினுக்கமும் செத்து, எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சரக்கு பார்க்கிறவருக்கு உதவாது. அதனால் மிளகாயை எப்போதும் ஒரு படி இருட்டாகவே எடுக்கிறேன். ஒவ்வொரு தோலிலும் வெயில் பட்ட ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டி ரத்தச் சிவப்பு, அதை ஒட்டி மெரூன், மடிப்பின் உள்ளே கறுப்பு என்று நாலு படி இறங்கினால்தான் அது மிளகாய்.

மஞ்சளில் வேடிக்கை வேறு மாதிரி. விரலி மஞ்சள் வெளியே பார்க்க ஒன்றுமில்லை. வரி வரியாக, மங்கலாக, மண் ஒட்டிய விரல் போலக் கிடக்கும். பக்கத்திலேயே நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போன ஊர். அதனால் இங்கே வருகிறவர்களுக்கு மஞ்சள் பார்க்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு கையாலும் பிடித்து டக்கென்று ஒடிப்பார்கள். நன்றாக வேகவைத்துக் காய்ந்த மஞ்சள் சுத்தமாக முறியும், வளைந்து கொடுக்காது. முறிந்த முகத்தில் அதுவரை எங்கேயும் இல்லாத ஒரு செம்மஞ்சள் திறந்துகொள்ளும். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்கு வெளியே கொஞ்சம் இளைத்த நிறம், அப்புறம் தோல். இந்த முறிந்த முகத்தை நான் கையோடு சேர்த்துத்தான் எடுப்பேன். கையில் பொடி ஒட்டியிருக்கும். உள்ளங்கை ரேகைக்குள்ளே மஞ்சள் இறங்கி, ரேகை ஒவ்வொன்றும் கோடு போட்டது போல எழுந்து நிற்கும். வருஷா வருஷம் மஞ்சள் ஒடித்த ஒரு பாட்டியின் கையை அப்படி எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நகக்கண்ணின் ஓரத்தில் ஒரு நூலிழை மஞ்சள் இருந்தது. அந்த நூலிழைக்காகவே அதை வண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

மிளகு இதற்கு நேர் எதிர். அதற்கு நிறம் என்று பேச அதிகமில்லை. மொத்த அழகும் சுருக்கத்தில் இருக்கிறது. மலைமேல் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு கொடி ஏறும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிப்பார்கள். மிதித்து உதிர்த்து, வெயிலில் பரப்பினால் பச்சை மெல்ல மெல்லப் போய்க் கறுப்பு ஏறும். உள்ளே விதை அப்படியே நிற்க, மேல்தோல் மட்டும் வற்றிச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தின் மேடு பள்ளம்தான் நாம் பார்க்கிற மிளகு. முற்றியதைப் பறித்திருந்தால் மணி உருண்டையாக, கனமாக, சுருக்கம் ஆழமாக இருக்கும். பிஞ்சில் பறித்திருந்தால் உள்ளே ஒன்றுமில்லாமல் நொறுங்கிவிடும். பப்பாளி விதையைக் கலந்திருந்தால் அதன் நீள்வட்டமே காட்டிக் கொடுக்கும். இது எல்லாமே உருவத்தைப் பற்றிய கேள்விகள். ஆகவே மிளகுக்குக் கறுப்பு வெள்ளை. வெளிச்சம் தரையை ஒட்டி வர வேண்டும். அந்த வெளிச்சத்தில் பத்து மணி மிளகைக் கிட்டத்தில் எடுத்துப் பெரிதாக்கினால் பத்தும் பத்து விதம். ஒன்றில் பள்ளங்கள் வலைப்பின்னல், இன்னொன்றில் ஒரு பக்கம் மட்டும் வரிகள், மற்றொன்றில் காம்பு பிரிந்த இடத்தில் சின்ன வெளிறிய தழும்பு. இந்த மிளகுப் படங்களை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கிருஷ்ணனின் யானைத் தோல்தான் நினைவுக்கு வரும்.

கிராம்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாலு முனைக் கிண்ணம், அதற்குள் உருண்டை மொட்டு. மொட்டு உதிராமல் இருந்தால் நல்ல சரக்கு. நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். நகம் பதிந்த அந்த ஈரக்கோடு வெளிச்சத்தில் மினுங்கி, உடனே மங்கிவிடும். அதை எடுக்கக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

இனி முறம். சில கடைகளில் சீரகத்தையும் மல்லியையும் அங்கேயே சுத்தம் செய்து தருவதற்குப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தூர நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே ஆட்டமாகத் தெரியும். கிட்டப் போனால் அப்படியில்லை. தூசியும் சருகும் பறக்கத் தூக்கிப் புடைப்பது ஒரு வேலை. குறுநொய்யைப் பிரிக்க மெல்லக் கொழிப்பது ஒரு வேலை. கல்லை ஒதுக்கப் பக்கவாட்டில் நாவுவது ஒரு வேலை. மூன்றுக்கும் மணிக்கட்டு வேறு வேறு விதமாகத் திரும்பும். மூன்றையும் ஒரே ஷட்டர் வேகத்தில் எடுப்பது அந்தக் கைகளுக்குச் செய்கிற மரியாதைக் குறைவு.

புடைப்பதைச் சொல்கிறேன். முறத்திலிருந்து சீரகம் எழும்பி ஒரு வளைவாகப் போய்த் திரும்ப விழும். ஆயிரத்தில் ஒரு நொடி வேகத்தில் எடுத்தால் ஒவ்வொரு மணியும் ஆணி அடித்தது போல அந்தரத்தில் நிற்கும். பார்க்க வியப்பாக இருக்கும், ஆனால் புடைப்பதன் ஓட்டம் போய்விடும். ரொம்ப மெதுவாக எடுத்தால் சீரகம் புகையாகிவிடும். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. எழும்புகிற மணியும் விழுகிற மணியும் கோடுகளாக இழுபடும், வளைவின் உச்சியில் இருப்பவை மட்டும் மணி மணியாகத் தெரியும். மேலே எறிந்த எதுவும் உச்சியில் ஒரு கணம் நின்றுதான் இறங்கும் என்பதால் அப்படி. ஒரே படத்தில் ஓட்டமும் நிற்பதும். அதற்குப் பின்னால் தூசி ஒரு பக்கமாக ஒதுங்கிப் போகும், வெயில் அதில் பட்டு வெளுக்கும். முறம் பிடித்தவருடைய முகம் தூசிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், கண் மட்டும் முறத்தை விட்டு நகராது.

முறம் பிடித்த அக்கா ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கேமராவின் சின்னத் திரையை உள்ளங்கையால் மறைத்து, நிழல் பண்ணிக்கொண்டு பார்த்தார். “மொகத்தப் பாரு கண்ணு, எம்புட்டு தூசி. அதெ உடு. சீரகம் நல்லா வந்திருக்குது” என்றார். என் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இது மேலானது. சரக்கு தெரிகிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

முகங்களைக் குறைவாகவும் கைகளை அதிகமாகவும் எடுப்பது ஏன் என்று கேட்கிறார்கள். சந்தையில் முகம் கேமராவைக் கண்டதும் மாறிவிடுகிறது. கைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. தராசு எலக்ட்ரானிக் ஆகிவிட்டது, பணம் போனில் போகிறது, வாங்க வேண்டியதன் பட்டியலை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். இத்தனை மாற்றத்திலும் சாக்குக்குள் கை இறங்குகிற விதம் மாறவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்து மகளுக்குச் சீரகத்தைக் காட்டிக்கொண்டே மறு கையால் உருட்டிப் பார்க்கிறார்கள். “இங்க பாரு சாமி, போன வருசத்த விட நெறம் தூக்கலா இருக்குதா?” என்று கேட்கிறார்கள். எங்கோ பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிற மகள் அந்தச் சின்னச் சதுரத்தில் சீரகத்தின் கோடுகளைத் தேடுகிறாள். அவளுக்கு வேண்டியதும் எனக்கு வேண்டியதும் ஒரே படம்.

இந்தப் பக்கத்தைக் கேமரா முதன்முதலில் பார்த்த காலத்தை நினைத்துக்கொள்வேன். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். அதற்கு முன் இதெல்லாம் சேலம் மாவட்டம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப் 1858-இல் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்று இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பற்றியது. காகித நெகட்டிவ் காலம் அது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கிய பொறுமைசாலி அவர். கல்லில் வெட்டிய எழுத்து அதில் அப்படியே நிற்கிறது. ஆனால் ஒரு படத்துக்கு வெகு நேரம் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்த காலத்தில் சந்தையை எடுத்திருக்க முடியாது. கல் அசையாமல் இருக்கும், மிளகு உருட்டுகிற கை இருக்காது. இன்றைக்கு அந்தக் கையை எடுக்க வசதி வந்திருக்கும்போது எடுக்காமல் போவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

மணத்தைப் படத்தில் கொண்டுவர முடியாது என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனாலும் மணத்தை முகர்கிறவரைக் கொண்டுவரலாம். மல்லியைக் கையில் கசக்கி மூக்கருகே கொண்டுபோகிறவர் அந்த நொடியில் கண்ணை மூடுகிறார். புருவம் ஒரு நூல் அளவு மேலே போகும். நல்ல சரக்கானால் மூச்சை இழுத்து நிறுத்துவார். மட்டமானால் மூச்சு உடனே வெளியே வந்துவிடும், கை தாழும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் தெரிகிறது. கேமராவைப் பற்றிய நினைப்பே இல்லாமல் சந்தையில் முகம் கிடைப்பது அப்போது ஒன்றுதான். முகம் எடுத்தால் அப்போதுதான் எடுக்கிறேன். எடுத்த பிறகு கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன். அடுத்த சனிக்கிழமை வருகிறவருக்கு அச்சுப் போட்டுக் கொடுக்கிறேன்.

பாக்கெட்டில் வருகிற மிளகாய்த்தூளில் கண்ணுக்கு வேலை இல்லை. நிறுவனத்தின் பேரைப் பார்த்து எடுத்துக் கூடையில் போட்டால் முடிந்தது. அதைக் குறை சொல்ல வரவில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் அதுதான் சாத்தியம். ஆனால் ஒரு மணியைப் பார்த்தே அது எந்த மாதம் பறித்தது, எப்படிக் காய்ந்தது என்று சொல்லும் கண்கள் இந்த ஊரில் இன்னும் சனிக்கிழமை தோறும் கூடுகின்றன. அடுத்த தலைமுறையில் எத்தனை பேருக்கு அது வரும் என்று சொல்ல முடியாது. என் படங்கள் அந்தக் கண்ணின் பதிவேடாக நின்றால் போதும்.

கொல்லிமலைக்குக் கேமராவோடு போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாசி, பங்குனியில் சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்புங்கள். சூரியன் மலையைத் தாண்டுவதற்கு முன்பே பேளுக்குறிச்சியில் இறங்குங்கள். முதலில் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, அனுபவப்பட்ட ஓர் அக்காவின் பக்கத்தில் நின்று, அவர் செய்கிறபடியே சாக்குக்குள் கையை விட்டுக் கால் கிலோ மிளகு பார்த்து வாங்குங்கள். படம் எடுப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.